தூக்கலாம், அடிக்கக் கூடாது

எங்கள் வீட்டில் ஒரு பெரிய டிரம் இருந்தது. கூரைக்கும் சுவருக்கும் நடுவில் அடித்த இரண்டு ஆணிகளில், கோணிப்பையால் மூடி, வட்டமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். நைனா ஒரு பேண்டு செட்டில் அதை அடித்தார். கல்யாண மாதங்களில் அது வீட்டில் இருந்ததைவிட ரோட்டில் இருந்ததுதான் அதிகம்.

கண்ணமங்கலம் வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது. மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலை. மழை பெய்தால் நாகநதியில் தண்ணீர் வரும், இல்லாவிட்டால் மணல்தான். இன்று நாங்கள் திருவண்ணாமலை மாவட்டம். 1989-க்கு முன்னால் வட ஆற்காடு. ஆரணி, வேலூர், போளூர், சந்தவாசல் என்று எந்தப் பக்கம் கச்சேரி என்றாலும் பஸ்ஸில்தான் போக வேண்டும். காலனியிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் அந்த டிரம்மைத் தூக்கிக்கொண்டு போவது அம்மாவும் நானும். நைனா சீருடையைக் கசங்காமல் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் வருவார். அம்மா சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றிக்கொள்வாள். அவள் கை ஓய்ந்தால் நான் இடுப்பில் சாய்த்துக்கொள்வேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, அப்படித் தூக்கிக்கொண்டு போகையில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினேன். வயிற்றுக்குள் ஏதோ புரண்டது போல இருந்தது. பின்னால் வந்த ஆயா என் முதுகில் ஒன்று வைத்தாள். "பொம்பள கை பட்டா தோலு கிழிஞ்சிடும்டி."

தூக்கும்போதும் பொம்பளை கைதான் பட்டுக்கொண்டிருந்தது. அது கணக்கில் வராது. தூக்கலாம், அடிக்கக் கூடாது. இந்தச் சின்ன விதியின் வரலாற்றைத் தேடிப் போனதில் நான் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு சாண் ஆழம்

முதலில் அந்த டிரம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். முகம் 28 அங்குலம். ஆழம் 10 அங்குலம், பெரிய கையாக இருந்தால் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. இன்று மேடைக் கச்சேரிகளில் பார்க்கும் டிரம் செட்டில் காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம் அப்படி இருக்காது. அதன் முகம் 22 அங்குலம் என்றால் ஆழம் 16, 18 என்று பீப்பாய் போல நீண்டிருக்கும். எங்கள் வீட்டு டிரம் பீப்பாயைவிடச் சல்லடைக்குத்தான் உறவு. மரப்பலகையை வளைத்து ஒட்டிய வளையம். இரண்டு பக்கமும் கன்றுத்தோல். சுற்றிலும் திருகி இறுக்குகிற கம்பிகள்.

ஆழம் குறைந்த டிரம்முக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஒரு பக்கத் தோலை அடித்தால் உள்ளே இருக்கும் காற்று தள்ளப்பட்டு எதிர்ப்பக்கத் தோலை அசைக்கிறது. இரண்டு தோலுக்கும் நடுவில் இடைவெளி குறைவாக இருந்தால் இந்தத் தள்ளல் உடனே போய்ச் சேரும். அடிக்கும் அதிர்வுக்கும் நடுவில் நேரமே இல்லாதது போலக் காதுக்குத் தோன்றும். ஒலி கனமா லேசா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஆழம் அல்ல, முகத்தின் அகலமும் தோலின் தடிப்பும் இறுக்கமும்தான். அதனால்தான் ஒரு சாண் ஆழமுள்ள வளையம் அத்தனை கனமாக அதிர முடிந்தது. நைனா இதை வேறு மாதிரி சொல்வார். "அடிச்சது உடனே வெளிய வந்துடும், உள்ள தங்காது."

உள்ளே தங்காது என்பதில் ஒரு சிக்கலும் இருந்தது. கை தவறினால் அதுவும் அப்படியே வெளியே வரும். எதிர்த்தோல் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் மொத்த ஒலியும் கொழகொழத்துவிடும். இடது உள்ளங்கையை எதிர்த்தோலில் வைத்து, எப்போது அதிரவிடுவது எப்போது அமுக்குவது என்று பார்த்துக்கொண்டே வலது கையால் அடிக்க வேண்டும். வலது கை அடிப்பதை ஊரே பார்க்கும். இடது கை வேலை அடிப்பவருக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த சிக்கல் ஈரம். கன்றுத்தோல் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத் தொய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் டிரம் எப்போதும் "தூங்கும்". சித்திரை வெயிலில் ஒரேயடியாக இறுகி, டம் என்று ஒலிப்பதற்குப் பதில் டண் என்று கத்தும். கச்சேரிக்கு நடுவில் பெட்ரோமாக்ஸ் விளக்கின் பக்கத்தில் சாய்த்து வைப்பார்கள். இது ஏதோ எங்கள் ஊர் ஏழைகளின் உபாயம் என்று நினைத்திருந்தேன். பின்னால் படித்தபோது சிரிப்பு வந்தது. 1920-களில் அமெரிக்காவில் நடனக் கூடங்களில் வாசித்தவர்கள் பெரிய டிரம்முக்குள்ளேயே மின்விளக்கைப் பொருத்தி எரியவிட்டிருக்கிறார்கள். முன்தோலில் ஏரியும் மலையும் நிலவுமாக ஒரு படம் வரைந்திருப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு அது ஒளிரும் படம். அடிக்கிறவருக்கு அது தோலைக் காயவைக்கும் அடுப்பு. 1957 வாக்கில் பிளாஸ்டிக் தோல் சந்தைக்கு வந்த பிறகுதான் இந்த வேலைகள் மெல்ல மறைந்தன.

பறைக்கும் இதேதான். அடிப்பதற்கு முன்னால் வைக்கோலைக் கொளுத்தி அதில் காட்டிக் காய்ச்சாமல் பறை பேசாது. பறையும் ஆழம் குறைந்த வளையம்தான். மூன்று மரத்துண்டுகளை இரும்புப் பட்டையால் இணைத்த சட்டம், சுமார் 35 சென்டிமீட்டர் முகம், ஒரே பக்கம் தோல், அதை ஒட்டப் புளியங்கொட்டைப் பசை. கட்டையான அடிக்குச்சி ஒரு கையில், நீளமான மெல்லிய சுண்டுக்குச்சி மறு கையில். எங்கள் தாத்தா அடித்தது பறை. அவர் மகன் அடித்தது இங்கிலீஷ் டிரம். இரண்டுக்கும் பசியும் பிணியும் ஒன்றுதான்.

போர்க்களத்திலிருந்து கல்யாணத்துக்கு

நைனாவின் டிரம் எங்கள் தெருவுக்கு வந்த வழி நீளமானது. பெரிய டிரம்மை ஐரோப்பியர்கள் துருக்கியிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஒட்டோமான் படையின் முன்னால் போன மேளக்காரர்கள் தவுல் என்ற இருமுக மேளத்தை ஒரு பக்கம் தடித்த கோலாலும் மறுபக்கம் மெல்லிய குச்சியாலும் அடித்தார்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரசர்கள் அந்த ஓசைக்கு மயங்கித் தங்கள் படைகளிலும் அதைச் சேர்த்தார்கள். 1782 ஜூலையில் வியன்னாவில் மேடையேறிய மோட்சார்ட்டின் ஓர் இசை நாடகத்தில் துருக்கியச் சூழலைக் காட்டப் பெரிய டிரம்மும் சிம்பலும் முழங்கின. அதே 1782-இன் ஜூன் மாதத்தில், எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஆரணியில், ஹைதர் அலியின் படையும் ஐயர் கூட்டின் கும்பெனிப் படையும் மோதிக்கொண்டிருந்தன. வியன்னா சீமான்களுக்கு அந்த ஓசை வேடிக்கை. ஆரணிச் சுற்றுவட்டாரத்து ஜனங்களுக்குப் படைமேளம் கேட்டால் மாட்டையும் நெல்லையும் ஒளித்து வைக்க வேண்டும்.

அந்தக் காலத்துப் பெரிய டிரம் ஆழமானது. முகத்தைவிட நீளம் அதிகம் என்பதால் நீள டிரம் என்றே ஆங்கிலத்தில் அழைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் முகம் அகன்றுகொண்டே போயிற்று, ஆழம் குறைந்துகொண்டே வந்தது. நெஞ்சில் கட்டிக்கொண்டு மைல்கணக்கில் நடப்பவருக்கு, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பீப்பாய் உதவாது. இரண்டு கையும் இரண்டு முகத்துக்கும் எட்ட வேண்டும். ஸ்காட்லாந்து பைப் பேண்டுகளில் 28 அங்குல முகமும் 12 அங்குல ஆழமுமான டிரம் வழக்கமாயிற்று. மனித உடம்பு தூக்க வேண்டும் என்பதற்காகவே டிரம் மெலிந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

யார் தூக்கினார்கள் என்பதும் வரலாறுதான். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டிஷ் படைப்பிரிவுகள் பலவும் பெரிய டிரம், சிம்பல், கஞ்சிரா போன்றவற்றை அடிக்கக் கறுப்பின ஆண்களை அமர்த்தின. பளபளக்கும் உடையும் தலைப்பாகையும் கொடுத்துப் படையின் முன்னால் நடக்கவிட்டார்கள். இந்தியாவில் கும்பெனியின் சிப்பாய்ப் படைகளிலும் டிரம்முக்கும் குழலுக்கும் பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியர்களையும் கிறிஸ்தவர்களையும் சேர்த்தார்கள். ஓசை அரசனுடையது, தோள் வேறொருவனுடையது. அது எங்கள் ஊருக்கும் புதிய ஏற்பாடு அல்ல. ஊரின் நல்லது கெட்டதை எல்லாம் பறைதான் அறிவித்தது. அடித்தவர்கள் ஊருக்கு வெளியே இருந்தார்கள்.

பட்டாளத்து பேண்டு மெல்ல ராஜாக்களின் அரண்மனைக்கும், அங்கிருந்து பணக்காரர்களின் கல்யாணத்துக்கும் வந்தது. உத்தரப் பிரதேசத்தின் மீரட்டில், ஜாலி கோட்டி பகுதியில், பேண்டு வாத்தியம் செய்யும் பட்டறைகள் பெருகின. 1885-இல் அங்கே தொடங்கப்பட்ட நாதிர் அலி நிறுவனம் அவற்றில் பேர்பெற்றது. வட இந்தியாவிலிருந்து தெற்கு வரை கல்யாண பேண்டுகளுக்குப் போன பித்தளையும் மரமும் பெரும்பகுதி அந்த ஊர்ச் சரக்கு. எங்கள் டிரம் எந்தப் பட்டறையில் பிறந்தது என்று தெரிந்துகொள்ள அதில் ஒரு எழுத்தும் மிஞ்சவில்லை. கலைந்துபோன ஒரு பேண்டு செட்டிடமிருந்து நைனா பழையதாக வாங்கியது அது.

நைனா ஏன் பேண்டுக்குப் போனார் என்பதை ஆயா சொல்லக் கேட்டிருக்கிறேன். தாத்தா பறை அடித்ததற்குக் கூலி என்று ஒன்று பேசியதில்லை. சாவு விழுந்தால் கூப்பிட்டு அனுப்புவார்கள், போயாக வேண்டும். கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். பேண்டில் அப்படி இல்லை. முன்பணம் கொடுத்து, தேதி எழுதி, பேசிய தொகைக்குக் கூப்பிட வேண்டும். தொப்பியும் சிவப்புச் சட்டையும் காலில் ஷூவும் உண்டு. செருப்போடு நுழைய முடியாத தெருவில் நைனா ஷூ போட்டுக்கொண்டு நடந்தது அந்த டிரம்மின் பின்னால்தான். அதனால் அது எங்கள் வீட்டில் சாமி மாதிரி சுவரேறி இருந்தது. ஆயாவின் அடிக்குக் காரணமும் அதற்குள் இருந்தது என்று இப்போது புரிகிறது.

சாமி வரலாம், குச்சி வராது

பெண்ணுக்கும் மேளத்துக்கும் எப்போதுமே இந்தத் தூரம் இருந்ததா? தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் சேர்க்கிறது. உரையாசிரியர்கள் குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று வரிசைப்படுத்துகிறார்கள். பறை ஒரு சாதிக்கு மட்டும் ஒட்டவைக்கப்படாத காலம் அது. பாடினியும் விறலியும் பாணர் கூட்டத்தோடு ஊர் ஊராக நடந்தார்கள், பாடினார்கள், ஆடினார்கள்.

புறநானூற்றின் 89-ஆம் பாட்டு ஔவையாருடையது. உங்கள் நாட்டில் போர் செய்ய ஆள் உண்டா என்று ஒரு வேந்தன் விறலியைக் கேட்கிறான். உண்டு, எங்கள் தலைவன் இருக்கிறான், பொது இடத்தில் தொங்கும் தண்ணுமையின் முகத்தில் காற்று மோதி எழுகிற ஓசையைக் கேட்டாலே போர் வந்துவிட்டதென்று எழுந்துவிடுவான் என்பது பதில். எழுதியது பெண், பேசுவது பெண். மேளத்தின் ஓசையில் ஒரு நாட்டின் மானம் இருப்பதை எடுத்துச் சொல்வதும் பெண். ஆனால் அந்தப் பாட்டிலும் மேளத்தை அடிப்பது காற்றுதான்.

எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் படவேடு. அங்கே ரேணுகாம்பாள் கோயில். புருஷன் சொன்னான் என்று மகன் தாயின் தலையை வெட்டிய கதை அது. ஆடி வெள்ளிக்கிழமைகளில் வட ஆற்காடு முழுவதும் திரண்டு வரும். பம்பையும் உடுக்கையும் முழங்கும். பம்பை என்பது ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய இரண்டு மேளம். அதன் வேகம் ஏற ஏற, கூட்டத்தில் நிற்கும் பெண்களுக்குச் சாமி வரும். அம்மாவுக்கும் வரும். அவிழ்ந்த கூந்தலோடு அவள் ஆடும்போது, வீட்டில் அவளை ஒரு வார்த்தை பேசவிடாத ஆண்கள் கைகட்டி நின்று குறி கேட்பார்கள். அந்த ஓசைக்கு அவள் உடம்பு முழுவதையும் கொடுக்கலாம். அந்த ஓசையை எழுப்பும் குச்சியை மட்டும் அவள் தொடக் கூடாது. கேட்டால் தீட்டு என்பார்கள்.

எந்தத் தீட்டு? மேளத்தின் தோல் மாட்டுத்தோல். அதைத் தொடுகிறவர்களை ஊர் தீட்டு என்று ஒதுக்கியது. ஊர் ஒதுக்கிய அந்தத் தோலைப் பெண் தொட்டால் தீட்டு என்று நாங்கள் ஒதுக்கினோம். மேலிருந்து வந்த விதியை வீட்டுக்குள் கொண்டுவந்து சுவரில் மாட்டிக்கொண்டோம்.

சபா மேடையில் பெண் மேளம் வாசித்ததே இல்லை என்று சொல்ல முடியாது. புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் மிருதங்கம் கற்ற திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே கச்சேரிகளில் வாசித்தார். அவருக்கும் பக்கவாத்தியமாக இடம் கிடைப்பது எளிதாக இருந்ததில்லை. ஆனாலும் அது உட்கார்ந்து வாசிக்கும் மேளம், கூரைக்குக் கீழே. நான் பேசுவது நடந்துகொண்டே அடிக்கும் மேளத்தைப் பற்றி. அதை அடிக்கிறவர் தெருவை எடுத்துக்கொள்கிறார். பின்னால் வருகிற கூட்டம் அவர் கால் வேகத்துக்கு நடக்கிறது. பெண்ணிடமிருந்து ஒதுக்கிவைத்தது தோலை அல்ல, தெருவை.

கனம் என்கிற காரணம்

தீட்டு என்று சொல்ல வெட்கப்படுகிறவர்கள் கனம் என்பார்கள். பெரிய டிரம் கனமானது, நெஞ்சில் கட்ட வேண்டும், பெண் உடம்புக்கு ஆகாது. படித்தவர்களும் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1909-இல் சிகாகோவில் லுட்விக் என்பவர் காலால் மிதித்து அடிக்கும் வேகமான மிதிகட்டை ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகு பெரிய டிரம்மை யாரும் தூக்க வேண்டியதில்லை. தரையில் வைத்து உட்கார்ந்து அடிக்கலாம். கனம்தான் காரணம் என்றால் அன்றைக்கே பெண்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. 1942-இல், உலகப் போருக்கு ஆண்கள் போய்விட்டதால் இசைக்குழுக்களில் ஆள் பற்றாக்குறை வந்தபோது, வயோலா ஸ்மித் என்ற டிரம்மர் அமெரிக்க இசைப் பத்திரிகை ஒன்றில் ஒரு கட்டுரை எழுதினார். திறமையான பெண்கள் காத்திருக்கிறார்கள், அவர்களுக்கும் தாக்குப்பிடிக்கும் வலு உண்டு, சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. வயோலா ஸ்மித் வாசித்துக்கொண்டே இருந்தார். 107 வயது வரை வாழ்ந்து 2020-இல் இறந்தார்.

இன்னொருவர் கேரன் கார்ப்பென்டர். அண்ணனோடு சேர்ந்து உலகப் புகழ் பெற்ற பாடகி. தன்னைப் பாடத் தெரிந்த டிரம்மர் என்றே சொல்லிக்கொண்டவர். டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்தால் முகம் தெரியவில்லை என்று சொல்லி, மெல்ல மெல்ல அவரை எழுப்பி மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள். டிரம்மின் மேல் வேறொருவர் உட்கார்ந்தார். கேரன் 1983-இல், 32 வயதில், சாப்பிட மறுக்கும் நோயின் விளைவால் இறந்துபோனார். இரண்டையும் நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால் பெண் உடம்பு ஓசை எழுப்புவதைவிடப் பார்க்கப்படுவதற்குத்தான் என்ற கணக்கு அமெரிக்காவிலும் இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

இங்கே திரும்புவோம். பீகாரில் பாட்னாவுக்குப் பக்கத்தில் தானாபூரின் திப்ரா கிராமத்தில், சுதா வர்கீஸ் என்ற கன்னியாஸ்திரியின் ஊக்கத்தில், தலித் பெண்கள் பத்துப் பேர் மகளிர் பேண்டு ஒன்றைத் தொடங்கினார்கள். வயல் கூலிகளாக இருந்தவர்கள். கழுத்தில் டிரம்மை மாட்டிக்கொண்டு கல்யாணங்களுக்கும் அரசு விழாக்களுக்கும் போகிறார்கள். கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் செண்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் சிங்காரி மேளம் அடிக்கிறார்கள். திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா உருவாக்கிய சக்தி கலைக்குழு, தலித் இளம்பெண்கள் கையில் பறையைக் கொடுத்துக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அவர்களைப் பற்றி ஆவணப்படமும் வந்திருக்கிறது.

டிரம்மை ஒரு சாணாக மெலியவைத்தது மனித உடம்பு தூக்க வேண்டும் என்பதற்காகத்தான் என்று முன்பே சொன்னேன். எங்கள் வீட்டு டிரம்மைக் காலனியிலிருந்து பஸ் நிறுத்தம் வரை முப்பது வருஷம் தூக்கியது அம்மா. தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் அதைவிடக் கனம். கனம் என்று சொன்னவர்கள் யாரும் அம்மா தலையிலிருந்து அதை இறக்கவில்லை.

ஆயாவின் கேள்வி

இவ்வளவு எழுதிவிட்டு, ஆயாவின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போக முடியாது. நான் கல்லூரியில் படிக்கும்போது பெண்கள் பறை கற்கும் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போய்வந்தேன். குச்சியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஆயா அழுதுவிட்டாள். "இந்தக் குச்சியிலேர்ந்து உன் நைனாவ இழுத்துட்டு வர எனக்கு ஒரு ஆயுசு ஆச்சுடி. நீ படிச்சிட்டு அதுக்குள்ளயே போறியா?"

இந்தக் கேள்வி ஆயாவுக்கு மட்டும் சொந்தமல்ல. 1922-இல் சென்னை மாகாண சட்டசபையில் எம்.சி. ராஜா கொண்டுவந்த தீர்மானம் பறையர் என்ற பெயரை நீக்கி ஆதிதிராவிடர் என்று எழுத வைத்தது. அதன் பிறகு எத்தனையோ ஊர்களில் இனிச் சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம் என்று முடிவெடுத்தார்கள். அதற்காக அடிபட்டார்கள், ஊர்விலக்கம் செய்யப்பட்டார்கள். பறையைக் கீழே போட்டது ஒரு விடுதலைப் போராட்டம். பறையைக் கலை என்று திரும்ப எடுத்ததும் ஒரு விடுதலைப் போராட்டம். இரண்டையும் நடத்திய வீடுகள் ஒன்றுதான். நகரத்து மேடையில் பறை கைதட்டல் வாங்கும் அதே வருஷத்தில் கிராமத்தில் அது இழிவாகத் தொடரவும் முடிகிறது. இதை மறந்துவிட்டு, பெண் பறை எடுத்தாள், வென்றாள் என்று எழுதினால் அது ஆயாவின் முதுகில் ஏறி நின்று எழுதுவது.

எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான். தாத்தாவுக்கு அடிக்காமல் இருக்க உரிமை இல்லை. அம்மாவுக்கு அடிக்க உரிமை இல்லை. இரண்டையும் கட்டியது ஒரே கயிறு. யார் கை எதைத் தொட வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று கைக்குச் சொந்தக்காரர் அல்லாத ஒருவர் தீர்மானிப்பதுதான் அந்தக் கயிறு. வேண்டாம் என்று சொல்ல முடிகிறவளுக்குத்தான் வேண்டும் என்று சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. ஆயாவிடம் அன்று இதைச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அவள் ஒத்துக்கொண்டிருப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

நைனா போன பிறகு தம்பி அந்த டிரம்மைப் பழைய சாமான்காரனுக்குப் போடப் பார்த்தான். நான் வேலூருக்கு எடுத்துவந்துவிட்டேன். போன மார்கழியில் அம்மா வந்து தங்கியிருந்தாள். கோணியை அவிழ்த்து, "அடிச்சிப் பாரும்மா" என்றேன். அவள் அடிக்கவில்லை. விரல் முட்டியால் தோலின் ஓரத்தில் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் தட்டினாள். ஒவ்வொரு தட்டுக்கும் காதைச் சாய்த்தாள். பிறகு எதிர்ப்பக்கம் திருப்பி அங்கேயும் தட்டினாள். "இந்தப் பக்கம் ஈரம் குடிச்சிருக்கு. இளவெயில்ல வெச்சி எடு. அந்த மூணாவது திருகு எப்பவும் வழுக்கும், துணி சுத்தித் திருப்பு."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் விடியற்காலையில் அந்தத் தோலைக் காயவைத்து, தட்டிப் பார்த்து, திருகை இறுக்கிச் சுருதிக்குக் கொண்டுவந்தது அம்மாதானா? நைனா இல்லையா?

"அவருக்கு ஏது நேரம், ராத்திரி கச்சேரி முடிச்சி தூங்குவாரு" என்றாள்.

"அப்போ நீ அடிச்சிருக்கியேம்மா."

"அது அடிக்கிறது இல்லடி. பதம் பாக்கறது."

கண்ணமங்கலத்திலிருந்து ஆரணி வரைக்கும் ஊர் கேட்ட அந்த டிரம்மின் குரலைச் செய்தது யார் என்று இத்தனை வருஷம் நான் கேட்டதே இல்லை. புளியங்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பசை காய்ச்சியது ஆயா என்பதும் எனக்குத் தெரியும், அதையும் நான் வரலாறாக நினைத்ததில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தோல் தொழிலில் இன்றும் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். வட ஆற்காட்டில் தோலைத் தொடாத பெண் கையைத் தேட வேண்டும். அந்தக் கைகள் செய்ததற்கெல்லாம் அடிப்பது என்று பெயர் வைக்காமல் பதம் பார்ப்பது என்று பெயர் வைத்ததால்தான், மேளத்தின் வரலாற்றில் பெண்ணே இல்லை என்று நம்மால் எழுத முடிந்திருக்கிறது.

மறுநாள் டிரம்மை மாடியில் இளவெயிலில் வைத்தோம். பத்து மணிக்கு அம்மா ஏறிவந்து திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்கினாள். மூன்றாவதுக்குத் துணி சுற்றினாள். முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்று கோலை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் கோலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பக்கத்து மாடியில் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு, இடது உள்ளங்கையை எதிர்த்தோலில் வைத்தாள்.